வன்னிக் கோயிலில் திருவருகைக்காலப் பாடல்: புதிதாகக் குழாமுக்கு வருவோருக்கு

பாடகர் குழாமை நான் ஏற்ற முதல் ஆண்டில், நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மன்னிப்பு வழிபாடு முடிந்ததும் கீபோர்ட் வாசிக்கும் தம்பி வழக்கம்போல, "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதத்தின் முன்னிசையைத் தொடங்கிவிட்டார். பீடத்தில் பங்குத்தந்தை "மன்றாடுவோமாக" என்று கைகளை விரித்தபடி நின்றார். கோயிலில் பாதிப்பேர் பாட வாயெடுத்தார்கள், மீதிப்பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நான்கு ஞாயிறுகளிலும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை என்று தம்பிக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. பழைய ஆட்கள் வெளிநாடு போய்விட்டதாலோ, பாட்டுச் சொல்லித்தந்த அருட்சகோதரி மாற்றலாகிப் போனதாலோ, திடீரென்று குழாமின் பொறுப்பு தோளில் விழுந்த ஒருவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்று காட்டுவதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டி

திருவருகைக்காலம் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. அதனோடு திருச்சபையின் புதிய வழிபாட்டு ஆண்டும் பிறக்கிறது. நவம்பர் 30 இல் வரும் புனித அந்திரேயாவின், பழைய ஆட்கள் சொல்லும் பெயரில் பிலவேந்திரரின், திருநாளுக்கு மிக அண்மையில் உள்ள ஞாயிறே முதல் ஞாயிறு என்பதால், அது நவம்பர் 27 இற்கும் டிசெம்பர் 3 இற்கும் இடையில்தான் விழும். 2026 இல் அது நவம்பர் 29. மூன்றாம் ஞாயிறு டிசெம்பர் 13.

வன்னி இரண்டு மறைமாவட்டங்களுக்குள் கிடக்கிறது. வவுனியாவும் மன்னார்ப் பெருநிலமும் 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே எந்தக் கோயிலில் பாடினாலும் அந்தந்த மறைமாவட்டத்தின் வழிபாட்டு நாட்காட்டியைப் பங்குப் பணிமனையில் கேட்டு வாங்கி, நான்கு ஞாயிறுகளின் வாசகங்களையும் ஒரே தாளில் எழுதி, ஒத்திகை நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருபவை. 2026 திருவருகைக்காலத்தில் தொடங்குவது இரண்டாம் ஆண்டின் வரிசை என்பதைத் தெரிந்துகொண்டால், பழைய பாட்டுக் கொப்பியைப் பார்த்துப் முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலைப் பிழையாகப் பழக்க நேராது.

நவம்பர் 22, இசைஞரின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள். அன்றோடு ஒத்திகையைத் தொடங்கினால் முதல் ஞாயிறுக்கு ஏறக்குறைய ஒரு கிழமை கிடைக்கும். உயர்தரப் பரீட்சை நவம்பரையும் டிசெம்பரையும் பிடித்துக்கொள்ளும் ஆண்டுகளில், பெரிய பிள்ளைகள் ஒத்திகைக்கு வருவார்கள் என்று கணக்குப் போடாமல், தாய்மாரையும் சிறுவரையும் கொண்டே பாடக்கூடிய பாடல்களைத் தெரிவுசெய்வது புத்தி.

எதை விடுவது, எதை விடக்கூடாது

வானவர் கீதம் ஞாயிறுகளில் இல்லை. ஆனால் அல்லேலூயா உண்டு. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தக் காலத்தின் குணம் முழுவதும் பிடிபட்டுவிடும். தவக்காலத்தில் இரண்டும் நிறுத்தப்படும். திருவருகைக்காலத்தில் வானவர் பெத்லகேமில் பாடிய பாட்டை மட்டும் அந்த இரவுக்கென்று எடுத்து வைக்கிறோம். மகிழ்ச்சியின் ஒலியாகிய அல்லேலூயாவை ஒருநாளும் நிறுத்துவதில்லை. டிசெம்பர் 8 இல் வரும் அமலோற்பவ அன்னையின் பெருவிழாவில் வானவர் கீதம் பாடப்படும் என்பதையும் கீபோர்ட்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்றைக்கு விட்டுவிட்டு நிற்பது மற்றப் பிழை. அந்த நாள் ஞாயிறில் விழுந்தால் விழா மறுநாளுக்குத் தள்ளப்படும்; 2024 இல் அப்படித்தான் 9 ஆம் திகதி வந்தது.

ஊதா நிறத் திருவுடையைக் கண்டதும் எங்கள் பக்கத்துப் பாடகர்களின் குரல் தானாகவே, கிறிஸ்துவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் பசாமுக்குப் போய்விடும். அது குற்றமில்லை. பெரிய வெள்ளிக் கிழமைகளில் பசாம் கேட்டு வளர்ந்த காது அது; இழுப்பும் விம்மலும் இரத்தத்தில் ஊறியவை. ஆனால் திருவருகைக்காலத்தின் ஊதா துக்கத்தின் நிறம் அன்று. வாசலில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, வரவேண்டியவர் இன்னும் வரவில்லையே என்று தெருவைப் பார்த்து நிற்பவரின் நிலை அது. ஆகையால் முகாரியிலோ சிவரஞ்சனியிலோ அமைந்த மெட்டுகளை ஒதுக்கி வைத்து, மோகனம், கல்யாணி, விடிகாலைக்குரிய பூபாளம், மலயமாருதம் போன்றவற்றின் சாயல் உள்ள பாடல்களைத் தேடுங்கள். இராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மெட்டைச் செத்தவீட்டில் பாடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாடலாம் என்று தோன்றினால் அது இந்தக் காலத்துக்கு ஆகாது.

"வாரும்" என்று சொல்கிறதா, "வந்தார்" என்று சொல்கிறதா

பாடல் தெரிவுக்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். பாடலின் சரணங்கள் வரை முழுவதையும் வாசியுங்கள். "வாரும்", "எப்போது வருவீர்", "வழியை ஆயத்தம் செய்யுங்கள்" என்று சொன்னால் அது திருவருகைக்காலப் பாடல். தொட்டிலும் மாடடைக் குடிலும் இடையரும் பாலனும் வந்துவிட்டால், மெட்டு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது நத்தார்ப் பாடல். 24 ஆம் திகதி இரவுவரை அது கொப்பியில் இருக்கட்டும். ஒருமுறை இரண்டாம் ஞாயிறில் நாங்கள் ஒரு தாலாட்டுப் பாடலைப் பாடிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை இன்னும் பிறக்கேல்லை, அதுக்குள்ளை தாலாட்டோ தம்பி?" என்று கேட்டார். வழிபாட்டு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மாதா பாடல்களிலும் இதே கவனம் வேண்டும். மடு அன்னையின் திருவிழாவுக்குரிய பாடல்கள் எங்கள் சனத்துக்கு உயிர் என்றாலும், அவற்றுக்கு ஆடியும் ஆவணியும் இருக்கின்றன. இந்தக் காலத்தில் வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தி, எலிசபெத்தைத் தேடி அவர் மலைநாட்டுக்குப் போனது, அங்கே அவர் பாடிய பாடல் ஆகியவற்றைச் சொல்லும் பாடல்களே பொருந்தும்.

நான்கு கிழமைக்கும் ஐந்தாறு பாடல்களுக்கு மேல் வேண்டியதில்லை. வருகைப் பாடலை நான்கு ஞாயிறுகளுக்கும் ஒன்றாகவே வையுங்கள். இரண்டாம் கிழமையில் சனம் முணுமுணுக்கும், நான்காம் கிழமையில் உங்கள் குரலை மூடிவிடும். 1963 டிசெம்பர் 4 இல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு கேட்பதும் இதைத்தான்: குழாம் பாட, மக்கள் கேட்டுக்கொண்டிருப்பதை அது விரும்பவில்லை. சுருதியையும் அதற்கேற்பத் தாழ்த்துங்கள். இளம் பெண்பிள்ளைகளுக்கு வசதியான சுருதியில் தொடங்கினால், வயல் வேலை செய்து தொண்டை கட்டிய ஐயாமார் இரண்டாம் அடியிலேயே வாயை மூடிவிடுவார்கள். கீபோர்ட்டில் சுருதி மாற்ற ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தத்தான் ஒருவரும் நினைப்பதில்லை.

பதிலுரைப் பாடலுக்கு மற்றெல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள். காணிக்கைப் பாடலை மூன்று கிழமை பழக்கிவிட்டு, பதிலுரையைச் சனிக்கிழமை இரவு பார்த்துக்கொள்ளும் குழாம்களே அதிகம். திருப்பாடல் இறைவாக்கு, இடைவெளியை நிரப்பும் பாட்டு அன்று. இரண்டாம் ஆண்டின் முதல் ஞாயிறுக்குரியது 80 ஆம் திருப்பாடல். மதில் உடைந்து, வழிப்போக்கர் எல்லாம் பறித்துத் தின்னும் திராட்சைத் தோட்டத்தைக் காட்டி, "எங்களை மீண்டும் உயிர்ப்பியும்" என்று கெஞ்சும் பாடல் அது. மூன்றாம் ஆண்டின் இரண்டாம் ஞாயிறில் வரும் 126 ஆம் திருப்பாடலோ சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கனவு காண்பவர்போல நின்றதையும், கண்ணீரோடு விதைத்தவர்கள் மகிழ்ச்சியோடு அறுத்ததையும் பாடுகிறது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பற்றை மூடிய காணிக்குத் திரும்பி வந்து முதல் போகம் விதைத்தவர்கள் இருக்கும் கோயிலில் அதைப் பாடுகிறவர், சொற்களை மென்று விழுங்காமல், ஒவ்வொரு அடிக்கும் பின் ஒரு மூச்சு விட்டுப் பாடவேண்டும். ஒரு குரல் போதும். தாளம் தேவையில்லை, ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் நிற்கட்டும்.

இங்கே இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நவம்பர் மாதம் கத்தோலிக்கருக்கு இறந்தோரை நினைக்கும் மாதம். வன்னியில் அந்த மாதத்தின் 27 ஆம் நாள் எத்தனையோ தாய்மார் பிள்ளையின் பெயரைச் சொல்லி விளக்கேற்றும் நாள். அந்த விளக்கு அணைந்த சில நாட்களில், சில ஆண்டுகளில் ஓரிரு நாட்களுக்குள்ளேயே, கோயிலில் திருவருகைக்காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. முன்வாங்கில் இருப்பவர்களில் யார் எந்த நினைவோடு வந்திருக்கிறார்கள் என்பது குழாமுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் முன்னால் கைதட்டலோடு தொடங்கும் மகிழ்ச்சி செல்லாது. காத்திருத்தலைத் தெரிந்தவர்களுக்குக் காத்திருத்தலைப் பாடிக்காட்டினால் அவர்களே சேர்ந்து பாடுவார்கள்.

மழையும் வாத்தியமும்

மேலைநாட்டார் இந்தக் காலத்தைப் பனியோடும் இருட்டோடும் சேர்த்துப் பாடினார்கள். எங்களுக்கு இது வடகீழ்ப் பருவமழைக் காலம். குளங்கள் நிரம்பி, காலபோக வயல் பச்சையாக நிற்கும் காலம். நான்காம் ஞாயிறின் வருகைப் பல்லவி எசாயா நூலின் 45 ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது: வானம் மேலிருந்து பொழியட்டும், முகில்கள் நீதியை மழையாகத் தரட்டும், நிலம் திறந்து மீட்பு முளைக்கட்டும் என்பது அதன் பொருள். மானாவாரி விதைத்துவிட்டு மேற்கேயும் கிழக்கேயும் பார்க்கிற கமக்காரனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் 2018 இல் நான்காம் ஞாயிறுக்கு முந்திய இரு நாட்களில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அப்படி ஒரு கிழமையில் இந்தப் பல்லவியைப் பாடும்போது, மழை என்ற சொல்லைத் தாழ்த்தி நீதி என்ற சொல்லில் குரலை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

மழை செய்யும் நடைமுறைத் தொல்லை வேறு. தகரக் கூரைக்குக் கீழே பெருமழையில் யாருடைய குரலும் எடுபடாது. அப்போது ஒலிவாங்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் இரைச்சல்தான் கூடும். இரு பக்கமும் பிரிந்து நிற்கும் குழாமை நடுவில் ஒன்றாகக் கூட்டி, எல்லோருக்கும் மனப்பாடமான சிறு பல்லவியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுங்கள். மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலையும் ஒருமுறையாவது கீபோர்ட் இல்லாமல் பழகியிருங்கள்.

ஆர்மோனியத்தைச் சிமெந்து நிலத்தில் வைக்காதீர்கள். ஈரத்தில் கட்டை ஊதி விசைகள் இறுகும், ஒரு சுரம் மட்டும் ஓயாமல் கத்தும். ஒரு வாங்கின் மேல், துணியால் மூடி, பக்கத்தில் சிறு துணிப்பையில் காய்ந்த கரித்துண்டுகளை வைத்தால் ஓரளவு காக்கலாம். மிருதங்கமும் தபேலாவும் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்கமுன்னரே உறையிலிருந்து எடுத்து, சற்றே வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, பிறகு சுருதி கூட்டுங்கள். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தோலை வெடிக்க வைத்தவர்களும் எங்கள் குழாமில் இருந்திருக்கிறார்கள்.

எந்த வாத்தியத்தை எவ்வளவு பாவிக்கலாம் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை 313 ஆம் எண்ணில், திருவருகைக்காலத்தில் வாத்தியங்களை இக்காலத்தின் தன்மைக்கேற்ற அளவோடு, ஆண்டவரின் பிறப்பின் முழு மகிழ்ச்சியை முந்திவிடாதபடி பாவிக்கச் சொல்கிறது. தவக்காலத்தைப்போல் குரலைத் தாங்குவதற்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள். என்னுடைய வழக்கம், முதல் இரண்டு ஞாயிறுகளில் ஆர்மோனியமும் ஒரேயொரு தாளவாத்தியமும் மட்டும். ஒக்டபேட் என்னும் மின்தாளக் கருவிக்கு டிசெம்பர் 24 வரை விடுமுறை. வாசிக்கும் தம்பி முதல் கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மூன்றாம் கிழமை சரியாகிவிடும்.

மூன்றாம் ஞாயிறு

இந்த ஞாயிறுக்கு இலத்தீனில் கவுதேத்தே என்று பெயர். மகிழுங்கள் என்பது பொருள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4 ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வருகைப் பல்லவியின் முதற்சொல் அது: ஆண்டவரில் என்றும் மகிழுங்கள், மறுபடியும் சொல்கிறேன், மகிழுங்கள், ஆண்டவர் அண்மையில் இருக்கிறார். இதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். நிலைமை நல்லாகிவிட்டதால் வந்த மகிழ்ச்சி அன்று அது. வருகிறவர் கிட்டிவிட்டார் என்று தெரிந்ததால் வந்தது. குழாமுக்கு இதை ஒத்திகையின்போது இரண்டு நிமிடமாவது சொல்லிவையுங்கள், குரலின் நிறமே மாறும்.

அன்று குருவானவர் ரோசா நிறத் திருவுடை அணியலாம். பல கிராமக் கோயில்களில் அந்த நிறத்தில் உடுப்பே இருக்காது; ஊதாவையே அணிவார்கள். அப்படியான கோயிலில் இன்று ஏதோ வேறு நாள் என்பதைச் சனத்துக்குத் தெரிவிக்கக்கூடியவர்கள் பாடகர்கள் மட்டுமே. ஆகவே முதல் இரண்டு கிழமையும் அடக்கி வைத்திருந்ததை அன்று திறந்துவிடுங்கள். புல்லாங்குழல் இருந்தால் வரட்டும், மிருதங்கம் முழுக் கையோடு பேசட்டும், சிறுவர்கள் அல்லேலூயாவை ஒரு சுரம் ஏற்றிப் பாடட்டும். இரண்டாம் ஆண்டில் அன்றைய பதிலுரைப் பாடல் திருப்பாடல் நூலிலிருந்து வருவதில்லை. லூக்கா நற்செய்தியில் உள்ள மரியாவின் பாடலே பதிலுரையாகிறது. தாழ்ந்தோரை உயர்த்தி, பசித்தோரை நன்மைகளால் நிரப்பும் கடவுளைப் பாடும் அந்தப் பாடலை ஒரு பெண்குரலுக்குக் கொடுங்கள். அதுவும் சங்கீதம் படித்த குரல்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் குழாமில் ஒரு ஆண்டு அதைப் பாடியவர் கச்சான் விற்கும் ஒரு அக்கா. அவர் மூன்றாம் அடியில் சுருதி சற்று விலகினார், ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நான்காம் ஞாயிறில் மறுபடியும் அடங்கிவிடுங்கள்.

கிழமைக்கு ஒன்றாகத் திரி ஏற்றும் மெழுகுதிரி வளையத்துக்கும் ஒரு வார்த்தை. 1839 இல் ஹம்பேர்க் நகரில் அநாதைச் சிறுவர்களுக்காக விக்கேர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய வழக்கம் இது. பைன் கிளை தேடி அலையவேண்டாம்; பனையோலையில் பின்னிய வளையம் அழகாகவும் இருக்கும், மழைக்கு வாடவும் செய்யாது. அறிவிப்பில் மட்டும் அதை மலர்வளையம் என்று சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல் இங்கே செத்தவீட்டுக்கு உரியது. திரி ஏற்றும்போது முதல் கிழமை ஒரு சரணம், இரண்டாம் கிழமை இரண்டு என்று கூட்டிக்கொண்டு போனால் சிறுவர்கள் எண்ணிக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

ஏழு மாலைகளின் அழைப்பு

டிசெம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடப்படும் ஏழு பல்லவிகள் திருவருகைக்கால இசையின் நெஞ்சு. ஒவ்வொன்றும் வரவிருப்பவரை ஒரு பெயர்சொல்லி அழைக்கிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. பெயர், அவர் செய்த ஒரு செயல், பிறகு "வாரும்" என்ற வேண்டுதல். ஏழுக்கும் இதே அமைப்பு. இலத்தீனில் இப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கூட்டினால், "நாளை இருப்பேன்" என்று பொருள்படும் சொற்கள் கிடைக்கும். ஏழு நாள் கூப்பிட்டதற்குக் கிடைத்த விடை போல.

மாலைப் புகழ் நடக்காத கிராமங்களில் இவற்றை அயல் வீட்டார் கூடும் அன்பியக் கூட்டத்தில், செபமாலை முடிந்த கையோடு பாடலாம். ஒரு வீட்டு முற்றம், ஒரு விளக்கு, ஒரு குரல் போதும். தனிக்குரல் பெயரையும் செயலையும் தாளமில்லாமல் விருத்தம்போலப் பாடிவிட்டு நிறுத்த, எல்லோரும் "வாரும் ஆண்டவரே" என்று மூன்றுமுறை, ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்திப் பாடவேண்டும். கூத்து மேடையில் அண்ணாவியார் விருத்தம் எடுத்ததைக் கேட்டு வளர்ந்த ஒருவர் ஊரில் இருந்தால் அவரிடமே தனிக்குரலைக் கொடுங்கள். குழாம்காரர் ஒருவரும் அவ்வளவு நன்றாகச் செய்யமாட்டார். 21 ஆம் நாளின் "விடியலே" என்பதைப் பூபாளத்தில் எடுத்துப் பாருங்கள்.

ஒளிவிழாவும் கரோலும்

பாடசாலைகளும் அலுவலகங்களும் நத்தார் ஒளிவிழாவை டிசெம்பரின் முதற்பகுதியிலேயே வைத்துவிடும். தவணை முடிந்துவிட்டால் பிள்ளைகளைக் கூட்ட முடியாது. அதோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒளிவிழாப் பாடல்களுக்கு வேறு கொப்பி, கோயிற் பாடல்களுக்கு வேறு கொப்பி என்று பிரித்து வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கரோலுக்குப் போவதை 17 ஆம் திகதிக்கு முன் தொடங்காதீர்கள். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிக்கொண்டு, நத்தார் தாத்தாவையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். காட்டோரக் கிராமங்களில் யானை இறங்கும் பாதைகளை ஊரவரிடம் கேட்டு, அந்தப் பக்க வீடுகளை இருட்டமுன் முடித்துவிடுங்கள். அந்த ஆண்டில் சாவு நடந்த வீடுகளின் பட்டியலை மூப்பரிடம் வாங்கி, அந்த வீடுகளின் முன் வந்ததும் மேளத்தை நிறுத்தி, படலையில் நின்று திருவருகைக்காலப் பாடல் ஒன்றை மட்டும் மெதுவாகப் பாடுங்கள். தாண்டிப் போய்விடாதீர்கள், பாடாமல் போன வீடு அதை நீண்டநாள் நினைத்திருக்கும். சில ஆண்டுகளில் இதே நாட்களில் திருவெம்பாவையும் வரும். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் கொண்டு எழும்பவேண்டிய அயலவருக்காக இரவு ஒலிபெருக்கியை நேரத்தோடு அணைத்துவிடுவது மரியாதை.

24 ஆம் திகதி இரவுத் திருப்பலிக்கு வானவர் கீதத்தைப் புதிய மெட்டில் பழக்க ஆசை வரும். வேண்டாம். நான்கு கிழமை வாயில் வராமல் இருந்த பாட்டைச் சனம் பாடத் துடித்துக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தெரிந்த மெட்டையே கொடுங்கள். கீதம் தொடங்கும்போது கோயில் மணியும் கைமணிகளும் சேர்ந்து ஒலிக்கும். மணிக்கயிறு ஒரு மாதமாக மழையில் ஊறிக் கிடந்திருக்கும் என்பதால், அன்று பகலிலேயே ஒருவரைவிட்டு இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.